தலைக்கவசத்தில் ஒட்டிய பட்டை

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் வங்கித் தலைவர் அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் இயக்குநர் பெருமக்களே, ஓய்வு பெற்றும் உறவு விடாமல் வந்திருக்கும் மூத்தவர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, உடன் உழைத்த தோழர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

நம் ஊரில் நடந்து முடிந்த சர்வதேசத் தடகளப் போட்டிக்கு நம் வங்கி புரவலராக நின்றது. நுழைவாயிலில் நம் பெயர். நடுவர்களின் முதுகில் நம் பெயர். தண்ணீர் பாட்டிலில் நம் பெயர். கழிவறைக் கதவிலும் நம் பெயர். சிரிக்கிறீர்கள். விளம்பரப் பிரிவின் பொறுப்பாளராகச் சொல்கிறேன், அதற்கும் ஒப்பந்தத்தில் இடமிருந்தது.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதி. அரங்கத்துக்குள் வேறு வங்கியின் பெயர் கண்ணில் படக் கூடாது. பட்டால் மறைக்க வேண்டும். வெள்ளை ஒட்டுப்பட்டைச் சுருளோடு நம் ஊழியர்கள் வாசல்தோறும் நின்றார்கள். நின்றார்கள் என்றா சொன்னேன்? வேட்டையாடினார்கள். குடையில் ஒட்டினார்கள், தோள்பையில் ஒட்டினார்கள், ஒருவருடைய சாவிக்கொத்தில்கூட ஒட்டினார்கள்.

சக்கர நாற்காலிப் பந்தயத்துக்கு ஒரு பெண் வந்தார். அடுத்த தெருவில் இருக்கும் சிறிய வங்கியில் காசாளர். அவருடைய தலைக்கவசத்தில் அந்த வங்கியின் பெயர். பெயருக்குக் கீழே அவருடைய போட்டி எண்.

“ஹெல்மெட்டைக் குடுங்க மேடம், ஒட்டித் தர்றேன்” என்றார் நம் கடன் பிரிவு அதிகாரி.

“ஒட்டுங்க தம்பி. விட்டா என் நெத்தியிலயும் உங்க பேங்க் பேரை எழுதிடுவீங்க போல.”

அவசரத்தில் ஒட்டிய அகலப் பட்டை, பெயரோடு எண்ணையும் மறைத்துவிட்டது. வாங்கி மாட்டிக்கொண்டவர் கவனிக்கவில்லை. மூன்றாவதாக வந்தார். எண்ணை மறைத்து ஓட்டியது விதிமீறல் என்று நடுவர் குழு அவரைத் தகுதி நீக்கம் செய்தது.

ஒரு மூன்றாம் இடம்தானே, போனால் போகட்டுமா? அந்த மூன்றாம் இடத்தில்தான் அடுத்த உலகப் போட்டிக்கான அவருடைய வாய்ப்பே இருக்கிறது. அவர் முறையீடு செய்திருக்கிறார். நடுவர் குழு கேட்பது ஒன்றே ஒன்று: மறைத்தது யார் என்று புரவலர் எழுத்தில் சொல்ல வேண்டும். நாளை மாலைக்குள்.

நம் சட்ட அதிகாரியிடம் போனேன். “இதுல எதுக்கு மேடம் நம்ம பேரை இழுக்கணும்?” என்றார்.

“இத்தனை நாளா எல்லா இடத்துலயும் இழுத்துட்டுப் போய் ஒட்டினோமே சார்” என்றேன். தலைவர் கையெழுத்திட்டால் பார்க்கலாம் என்று நழுவினார்.

அந்தப் பெண்ணிடமும் பேசினேன். “நான் மறைக்கலைன்னு நானே சொன்னா யாரு நம்புவாங்க அக்கா? நீங்க சொன்னா நம்புவாங்க. அவ்வளவுதான்” என்றார். குரலில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோழர்களே, நல்ல பெயர் எங்கே இருக்கிறது? பலகையிலா? பதாகையிலா? பளபளக்கும் வளைவுகளிலா? அவை எல்லாம் காசு கொடுத்துப் பிடித்த இடங்கள். போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். பிழை நேர்ந்த இடத்தில் “இது எங்கள் பிழை” என்று முன்வந்து நிற்கிறதே ஒரு பெயர், அதை எந்த ஏணி வைத்தும் எவராலும் கழற்ற முடியாது.

தலைவர் அவர்களே, கடிதத்தை எழுதி வந்திருக்கிறேன். நான்கே வரி. கீழே இடம் விட்டிருக்கிறேன். அரங்கம் முழுக்க எழுதிய நம் பெயரை, அந்தப் பெண்ணுக்காக இங்கேயும் ஒருமுறை எழுதிக் கொடுங்கள்.

பொறுங்கள், இன்னும் கைதட்ட வேண்டாம். தலைவர் பேனாவைத் திறந்திருக்கிறார்; மேசை அதிராமல் எழுதட்டும். செவிகொடுத்த அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விடைபெறுகிறேன், வணக்கம்.