எட்டும் ஒன்பதும்

பூமாலையின் கனத்தில் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிய வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் திரு. புவனேஸ்வரன் அவர்களே! சுங்கை பாக்காப் தோட்டப்புறத்தில் வளர்ந்து, என்னைவிட அழகாகத் தமிழ் பேசும் பங்குதாரர் திரு. ஓங் அவர்களே! பெருமைமிகு பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையைப் பிடியிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! என்னோடு பிழை தேடிப் பிழைக்கும் தோழர்களே! சிவநேசனின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

பதினைந்தாம் ஆண்டு விழாவில் பரிசோதனைப் பிரிவின் சார்பில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நம் நிறுவனம் ஐந்து நாள் என்று சொன்னால் அது எத்தனை மாதம் என்று வாடிக்கையாளர்களைக் கேளுங்கள்! என்ன அண்ணே? நாசி கண்டார் சோறு ஆறிப் போகிறதா? குழம்பு கொதிக்கக் கொதிக்கத்தான் வந்து இறங்கியிருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

நாம் என்ன செய்கிறோம்? தொழிற்சாலைகளில் பெட்டிக்கு லேபல் ஒட்டும் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளைச் செய்கிறோம். செய்தோம், செதுக்கினோம், சீர்படுத்தினோம். ஒவ்வொரு முறை சீர்படுத்தும்போதும் பதிப்புக்கு ஓர் எண் வைத்தோம். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, மூன்று வந்தது. மூன்றுக்குப் பின் என்ன வரும்? சொல்லுங்கள்! நான்கா? அதுதான் இல்லை! "நாலு ஆகாதுலா சிவா, எங்க சீன பாஷையில நாலுன்னா சாவு மாதிரி கேக்கும்" என்றார் ஓங் அவர்கள். பினாங்கு மாடிக் கட்டடங்களின் மின்தூக்கியில் பார்த்திருப்பீர்களே, அதே போல மூன்றுக்கு அடுத்து மூன்று-ஏ என்று வைத்தோம்.

ஐந்து, ஆறு, ஏழு வந்தன. எட்டு வந்தது, ஏழரையும் கூடவே வந்தது! தலைவர் அவர்கள் எழுந்தார். "எட்டு சனிப்பா. வீட்டு நம்பரக் கூட்டினா எட்டு வருதுன்னு வீட்டையே வித்துட்டு வந்தவன் நான். நேரா ஒம்பது போடு." ஓங் அவர்கள் விடுவாரா? "எட்டுதான் புவா நல்ல நம்பர்! காடி நம்பர் பிளேட்டுல எட்டு கெடைக்குமான்னு ஆளாளுக்கு அடிச்சிக்கிறான், நீ வேணாங்கறியா?" மூன்று மணி நேரம் நடந்தது அந்த வாதம். ஐந்து முறை தே தாரேக் தேநீர் வந்தது, முடிவு மட்டும் வரவில்லை.

வெளியிடும் தேதியாவது முடிவானதா? ஆடி மாதம் ஆகாது என்றார் ஒருவர். ஆடி முடிந்தது, ஆவிகள் உலவும் சீன மாதம் ஆகாது என்றார் மற்றவர். அதுவும் முடிந்தது, வியாழக்கிழமை என்று குறித்தோம், பிற்பகலில் ராகு காலம் என்றார்கள். கணிப்பொறிக்கு மின்சாரம் போதும் என்று நினைத்திருந்தேன், பஞ்சாங்கமும் வேண்டுமாம்!

கடைசியில் ஒரு சமரசம் பிறந்தது. சீன முதலாளிகளின் தொழிற்சாலைகளுக்கு எட்டு. மற்றவர்களுக்கு ஒன்பது. மென்பொருள் ஒன்றே, பெயர் மட்டும் இரண்டு! இந்த ரகசியம் தெரிந்தவர்கள் மூவர்: தலைவர், பங்குதாரர், நான். அந்த இரண்டு பெயர்களையும் தட்டச்சு செய்தவை இந்தக் கைகள்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். போன மாதம்தான் சிரிப்பு நின்றது.

எல்லாத் தொழிற்சாலைகளையும் சரிபார்க்கச் சொல்லி நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "எட்டாம் பதிப்பு இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் எடுத்துவிட்டு எட்டைப் போடவும்." எழுதும்போது ஒன்பது என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். அந்த மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார் நம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் சந்திரிகா அக்கா. அதோ, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நம் எல்லாருக்காகவும் திட்டு வாங்குகிறவர்.

போனார், பார்த்தார். இயந்திரத்தில் ஒன்பது இருந்தது. சொன்னபடி செய்தார். ஒன்பதை எடுத்தார், எட்டைப் போட்டார். எடுத்ததும் அதுதான், போட்டதும் அதுதான்! அதற்காக அரை நாள் ஓடாமல் நின்றது ஒரு தொழிற்சாலை. அங்கே மேலாளர் கிளிஃபர்ட் கொதித்தார். "புதுச எடுத்துட்டு பழசப் போட்டுட்டுப் போயிருக்காங்க உங்க ஆளு!" என்று புகார் எழுதினார். புகார் வந்த மறுநாளே அக்காவுக்குக் காரணம் கேட்கும் கடிதம் போனது. தக்க விளக்கம் வரும் திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேலை இல்லை. கீழே தலைவரின் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்துப் பார்த்தாரா? படித்திருந்தால் போட்டிருக்க மாட்டார்.

நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வாரம், அன்பர்களே! என் வேலை போய்விடுமே என்ற பயம்.

நேற்று அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, இந்தப் பதிலக் கொஞ்சம் நல்ல பாஷையில டைப் பண்ணித் தர்றீங்களா? நான் செஞ்சது என்ன தப்புன்னே எனக்கு வெளங்கல. ஆனாலும் தப்புன்னே எழுதிடுங்க. வேலை போயிடக் கூடாது, ரெண்டு புள்ளைங்க படிக்குது" என்றார். குற்றவாளியிடமே வந்து மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்! பதிலை நான் தட்டச்சு செய்யவில்லை, ஐயா; அவருக்கு வந்த கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே இந்த அவையில் சொல்கிறேன். அவர் மீது பிழையில்லை! பெயரைக் குழப்பியவர்கள் நாங்கள். தேதியைக் குழப்பியவர்கள் நாங்கள். குழம்பாமல் சொன்ன வேலையைச் செய்த ஒரே ஆள் அவர். எட்டுக்கு அஞ்சினோம், நான்குக்கு அஞ்சினோம், ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறிக்க அஞ்சினோமா? அஞ்சினோமா, அன்பர்களே?

தலைவர் என்னவோ சொல்கிறார். "சரிப்பா, நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்துப் பேசுவோம்." மன்னிக்க வேண்டும் தலைவர் அவர்களே! மென்பொருளைத் தள்ளிப் போட்டால் வாடிக்கையாளர் பொறுப்பார். இதைத் தள்ளிப் போட்டால் இன்னோர் இரவும் அவர் தூங்க மாட்டார்.

ஓங் அவர்கள் எழுந்துவிட்டார்! "இப்பவே அந்த லெட்டரக் கிழிச்சிடு புவா! நானும்தானே சேந்து செஞ்சேன்."

கைதட்டல் இருக்கட்டும், கொஞ்சம் அமைதி! அக்கா ஏதோ சொல்கிறார். ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.

"கிழிக்க வேணாங்க. கிழிச்சா நடந்ததே இல்லாமப் போயிடும். தப்பு எங்களதுன்னு அதுக்குப் பின்னாலயே எழுதிக் குடுங்க. புக்கிட் தெங்காவுல அந்த கிளிஃபர்ட் சார்கிட்ட நான் காட்டணும்."

கேட்டீர்களா! நாற்பது நிமிடமாக நான் சுற்றிச் சுற்றிச் சொன்னதை நான்கு வரியில் சொல்லிவிட்டார். இதோ கடிதம். இதோ பேனா. பின்பக்கத்தில் 'தப்பு எங்களது' என்று எழுதிவிட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்தது ஓங் அவர்களுடையது. தலைவர் மாலையைக் கழற்றிவிட்டு வருகிறார், வழி விடுங்கள். அவரும் ஒரு வரி எழுதுகிறார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார், தாய்மார்களே!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமை இழந்து என்னைக் காப்பாற்றிய ஓங் அவர்களுக்கும், பேச்சை நிறுத்தச் சொல்லாத தலைவருக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. இந்தத் தாளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். வணக்கம்!