ரொட்டிக்காரன் தலையில கட்டின வண்டி

...ஒரு வார்த்தை டீச்சர்! ஒரே ஒரு வார்த்தை! "அக்கா, இடது பக்கம் திருப்பினா இந்த வண்டியில ஹார்ன் தானா அடிக்கும்"னு அந்த ரொட்டிக்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா? இதோ திருப்பறேன், கேளுங்க... கேட்டுதா? அந்தப் பெரியவர் எப்படி முறைக்கறாரு பாருங்க! ஐயா, நான் அடிக்கல, அதுவா அடிக்குது! ...என்னமோ திட்டிட்டுப் போறாரு. தினமும் இதே பொழப்பாப் போச்சு எனக்கு.

நல்லா சாஞ்சு உக்காருங்க. பெல்ட்டா? அத மாட்டினா அப்புறம் கழட்ட வராது, சும்மா தோள் மேல போட்டுக்கோங்க. கால்கிட்ட இருக்கறது இஸ்திரிப் பெட்டி, ரிப்பேருக்குக் குடுக்கணும், மிதிச்சுடாதீங்க. அது எடத்த அடைச்சுக்கிச்சுன்னுதான் உங்க பரீட்சைப் பேப்பர் பைய பின்னாடி துணி மூட்டை மேல வெச்சேன். மாடிக்குக் குடி வந்த நாள்லேருந்து உங்களோட நின்னு நாலு வார்த்தை பேசணும்னு நானும் பாக்கறேன், நீங்க என்னடான்னா என்னப் பாத்ததுமே குடுகுடுன்னு படியேறிடறீங்க. இன்னைக்கு மாட்டினீங்க! ஸ்கூல் வாசல்லயே எறக்கி விட்டுடறேன், கவலப்படாதீங்க.

என்ன, என்னமோ சொல்ல வந்தீங்க? ...இருங்க, இருங்க, இந்த ரொட்டிக்காரன் கதைய முடிச்சுடறேன். பாதியில விட்டா எனக்கு மறந்துடும்.

வண்டி வாங்கறதுல எனக்குன்னு ஒரு முறை இருக்கு டீச்சர். வண்டி மட்டும் இல்ல, எது வாங்கினாலும் அதே முறைதான். விக்கறவன வாயத் திறக்க விடக் கூடாது! அவன் வாயத் திறந்தான்னா வெலை ஏறும். நாமதான் பேசிக்கிட்டே இருக்கணும். டயர எட்டி ஒரு உதை, "தேஞ்சு போச்சு." கதவ ஒரு தட்டு, "தகரம் பல்லக் காட்டுது." எஞ்சினத் திறந்து மூஞ்சியச் சுளிச்சு ஒரு பெருமூச்சு. எஞ்சினப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. ஆனா அந்தப் பெருமூச்சுலயே பாதி வெலை எறங்கிடும். அவன் நடு நடுவுல, "அக்கா, இந்தப் பின் கதவு இருக்குல்ல..."ன்னு ஆரம்பிச்சான். "ஆங், அதுவும் ஓட்டைதான், அதுக்குத் தனியாக் குறைச்சுக்கோ"ன்னேன். "இல்லக்கா, நான் சொல்ல வந்தது..."ன்னான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா, நான் சொல்ற வெலைக்கு தலைய மட்டும் ஆட்டு"ன்னேன். ஆட்டிட்டான்! அடிமாட்டு வெலைக்கு முடிச்சேன் டீச்சர். வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரரு கிட்ட சொல்லி சொல்லி சிரிச்சேன்.

அப்புறம்தானே தெரியுது லட்சணம்! ஹார்ன் தானா அடிக்குது. கண்ணாடிய எறக்கினா ஏற மாட்டேங்குது. மழையே இல்லாதப்ப வைப்பர் ஆடுது, மழை வந்தா படுத்துக்குது. வண்டி மேல எழுதியிருந்த "சூடான ரொட்டி" மேல பெயிண்ட் அடிச்சு நம்ம லாண்டரி பேர எழுதினோம், வெயில் பட்டதும் ரொட்டி திரும்ப வெளிய வந்து நிக்குது! சிக்னல்ல நின்னா ஒரு அம்மா வந்து ஜன்னல்ல காச நீட்டிக்கிட்டு ரெண்டு பன் குடுங்கறாங்க. அழுக்குத் துணி இருக்கு, வேணுமான்னு கேட்டேன்.

இப்படி அத்தனையும் மறைச்சு, என் தலையில கட்டிட்டுப் போயிட்டான் பாருங்க, அவன் வாய் வாயா?

பின்னாடி சத்தம் வருதா? டக்கு டக்குன்னா? அதெல்லாம் கண்டுக்காதீங்க, பழைய வண்டின்னா ஒடம்பு முழுக்க ஒரு சத்தம் இருக்கத்தான் செய்யும். இந்த மனுஷன் முட்டி கூடத்தான் மாடியேறினா டக்கு டக்குங்குது, அவர என்ன வித்துட முடியுமா?

அட, போன் அடிக்குது. எடுக்காதீங்க, அவருதான். எடுத்தோம்னா, "அது வந்து... அது என்னன்னா... அது வந்து..."ன்னு ஆரம்பிச்சு விஷயத்துக்கு வர்றதுக்குள்ள நான் துணி குடுக்கப் போற ஹோட்டலே வந்துடும். வாயில்லாப் பூச்சி டீச்சர் அது. பொண்ணு பாக்க வந்தப்பவே நான்தான் பேசினேன், அவரு தலைய ஆட்டினாரு. இப்ப நெனச்சுப் பாத்தா, அந்த ரொட்டிக்காரன் மாதிரியேதான் ஆட்டினாரு.

ஆனா ஒண்ணு, இன்னைக்குக் காலையில என் மனசு குளுந்து போச்சு. பாத்தீங்கல்ல? நீங்களும் வண்டியிலதானே இருந்தீங்க! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் வெளிய கெளம்பறப்ப படிக்கட்டு வரைக்கும் வந்ததில்ல அந்த மனுஷன். இன்னைக்கு வண்டிய எடுத்தேனோ இல்லையோ, செருப்பு கூடப் போடாம தெரு முனை வரைக்கும் ஓடி வர்றாரு! கையில என்னமோ கர்ச்சீப்போ துண்டோ வெச்சு அப்படியே ஆட்டறாரு, ஆட்டறாரு, ஆட்டிக்கிட்டே வர்றாரு! ஜன்னல் வழியா எட்டிப் பாத்து நானும் கைய ஆட்டினேன். வெக்கமாத்தான் இருந்துச்சு, உங்க முன்னாடி. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு டீச்சர், பொய் சொல்லல.

ஏன் ஓடி வர மாட்டாரு? இன்னைக்கு எங்களுக்கு வாழ்வா சாவான்னு இருக்கு. அந்தப் புது ஹோட்டல் இருக்குல்ல, பைபாஸ் பக்கம்? அவங்க பெட்ஷீட்டு, தலகாணி ஒறை, டவல் எல்லாம் வெளுக்கற வேலை. இது சோதனைக்குக் குடுத்த மொத லோடு. புடிச்சிருந்தா வருஷம் பூரா நமக்குத்தான்னு சொல்லியிருக்காங்க அந்த மேனேஜரம்மா. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, ஒரு கறை இருக்கக் கூடாது, வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாப் பேசற பொம்பள. இத நம்பித்தான் இவரு மருந்துக் கடை வேலைய விட்டாரு. விட வெச்சது நான்தான். "மாசச் சம்பளம் நிம்மதியா இருக்கே..."ன்னு இழுத்தாரு. "நீங்க சும்மா இருங்க"ன்னு சொல்லிட்டேன். இந்த ஒரு லோடு சொதப்பிச்சுன்னு வைங்க, ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான். மருந்துக் கடைக்காரரு வேற ஆளப் போட்டுட்டாரு. 

அவரு இஸ்திரி போட்டதப் பாக்கணுமே நீங்க! ஒவ்வொரு ஷீட்டையும் கொழந்தையத் தூங்க வெக்கற மாதிரி மடிச்சு மடிச்சு அடுக்கினாரு. கையில சூடு பட்டு கொப்பளிச்சிருக்கு. ஒரு முனகல் கெடையாது.

அந்த பைக்குல வர்றவன் ஏன் நம்ம பக்கத்துல வந்து கைய கைய நீட்டறான்? போடா போடா! பொம்பள வேன் ஓட்டினா இவனுங்களுக்குப் பொறுக்காது டீச்சர். முந்தாநாள் ஒருத்தன் இப்படித்தான் வழி சொல்லிக் குடுக்கறான் எனக்கு. பின்னாடி காட்டறான் பாருங்க, பின்னாடி போவணுமாம்! நான் ஏன்டா பின்னாடி போவணும், ஹோட்டல் முன்னாடி இருக்கு!

நீங்க ஏன் அந்தக் கண்ணாடியையே எட்டி எட்டிப் பாக்கறீங்க? அதுல ஒண்ணும் தெரியாதே, வானம்தான் தெரியும். திருகி வெச்சா அடுத்த பள்ளத்துல மறுபடி வானத்தப் பாக்கும். என் பக்கத்துல கண்ணாடியே இல்ல, கம்பி மட்டும்தான் நீட்டிக்கிட்டு நிக்குது. நமக்குப் பின்னாடி தகரம் வேற அடிச்சு வெச்சிருக்கான், திரும்பிப் பாத்தாலும் தகரம்தான். பின்னாடி பாக்கறதுக்கு என்ன இருக்கு? நாம முன்னாடிதானே போறோம். ...பேப்பர் பைதானே? அது எங்கயும் எறங்கிப் போயிடாது. பசங்கதான் பரீட்சையில கோட்டை விடுவாங்க, பேப்பர் எங்க போவுது?

ஐயோ, வேகத்தடை! புடிச்சுக்கோங்க... தொம்! ...தொம்! ஆச்சு. பாருங்க, பாருங்க, அதத் தாண்டினதும் வண்டி எப்படி லேசாப் போவுது! கெளம்பறப்ப மூச்சு வாங்கிச்சு, ஞாபகம் இருக்கா? மேட்டுல ஏற மாட்டேன்னு அடம் புடிச்சுது. இப்ப பஞ்சு மாதிரி போவுது. எஞ்சின் ஓட ஓடத்தான் செட்டாவும்னு சொல்வாங்க. ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு சுத்து லேசாவுது. என்னதான் திட்டினாலும் வண்டி நல்ல வண்டிதான் டீச்சர். நான் பாத்து வாங்கினது தப்பாப் போவுமா?

மறுபடி போன்! இந்த மனுஷனுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு? சரி, புரியுது. பயம். காலையிலயும் அப்படித்தான், மூட்டையெல்லாம் ஏத்திட்டு நிக்கறோம், "அந்தக் கயிறு..."ன்னாரு. அது ஒரு கூத்து, சொல்ல விட்டுட்டேனே. வண்டி பின் கதவுல ரொட்டிக்காரன் ஒரு கயிறு கட்டி வெச்சிருந்தான். சுத்தி சுத்தி மூணு முடிச்சு. கறுப்பா, பிசுக்கு புடிச்சு, பாக்கவே அசிங்கமா இருக்கும். ஒரு வாரமா போனாப் போவுதுன்னு விட்டு வெச்சிருந்தேன். இன்னைக்கு ஹோட்டல் வாசல்ல போயி நிக்கணுமே! கயிறு போட்டுக் கட்டின வண்டியில வெள்ளத் துணி கொண்டு போனா அந்தம்மா மதிக்குமா? கத்தரிய எடுத்தேன், ஒரே வெட்டு, தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டேன். கதவ டமார்னு சாத்தினேன். கம்முனு மூடிக்கிச்சு. இவரு, "அதில்ல, அந்த ரொட்டிக்காரர் வண்டிய விட வந்தப்போ என்கிட்ட..."ன்னு ஆரம்பிச்சாரு. "ரொட்டிக்காரன் பேச்ச எடுக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது"ன்னுட்டு வண்டியில ஏறிட்டேன். விட்டா இன்னும் அங்கதான் நின்னுக்கிட்டிருப்போம்.

சிக்னல் விழுந்துடுச்சு. நில்லு, நில்லு... இந்த பிரேக்கும் அப்படித்தான், யோசிச்சுத்தான் புடிக்கும்.

என்ன டீச்சர், மொகமெல்லாம் வேர்த்திருக்கு? சொல்லுங்க, இப்ப சொல்லுங்க. எவ்ளோ மெதுவாப் பேசறீங்க, பசங்க முன்னாடி எப்படித்தான் பாடம் நடத்தறீங்களோ! வாயத் திறந்து சத்தமாப் பேசினாத்தானே... ஏன், ஏன் கதவத் திறக்கறீங்க? ஸ்கூல் இன்னும் ரெண்டு தெரு தள்ளி இருக்கு! டீச்சர்! அந்தப் பக்கம் ஏன் ஓடறீங்க? ஸ்கூல் இந்தப் பக்கம்! டீச்சரே!

பாத்தியா? பாத்தியா? புடவைய தூக்கிச் செருகிக்கிட்டு என்னா ஓட்டம்! வண்டியில ஏத்திக்கிட்டு வந்தவளுக்கு ஒரு நன்றி உண்டா? பைய கூட எடுத்துக்காம போயிட்டாங்களே. படிச்சவங்களே இப்படின்னா என்னத்த சொல்றது. சரி, சாயங்காலம் மாடியில கொண்டு போயி குடுத்துக்கலாம். ...டேய், பின்னாடி ஏன்டா இத்தனை ஹார்ன் அடிக்கறீங்க? பச்சை விழுந்தா போவ மாட்டேனா?

...வந்தாச்சு. ஹப்பா, எவ்ளோ பெரிய கேட்டு! வாட்ச்மேன் தம்பி, வணக்கம்ப்பா. லாண்டரி வண்டி. ரொட்டி இல்லப்பா, லாண்டரி! அந்த எழுத்தப் பாக்காதீங்க, அது ஒரு பெரிய கதை, அந்த ரொட்டிக்காரன் இருக்கானே... சரி, விடுங்க. மேனேஜரம்மா இருக்காங்களா? வரச் சொல்லுங்க, துணி வந்துடுச்சுன்னு சொல்லுங்க. ஒரு சுருக்கம் இருக்காது, அவங்களே தொட்டுப் பாக்கட்டும். ஒரு கை குடுங்க தம்பி, பின் கதவத் திறந்து...

என்ன?

திறந்தே இருக்குன்னா?

தள்ளுங்க. தள்ளுங்கப்பா, நான் பாக்கறேன்.

...

இல்ல... மூட்டை இருந்துச்சு. வண்டி முழுக்க இருந்துச்சுப்பா. நானே ஏத்தினேன். மேல வரைக்கும் இருந்துச்சு. இந்த ஒரு தலகாணி ஒறை மட்டும் எப்படி... மிச்சம்லாம் எங்க? வழியெல்லாம்... அந்த வேகத்தடையில... ஐயையோ, அந்த பைக்குல வந்த பையன்... டீச்சர் ஓடினாங்களே...

போன். போன் எங்க? இதோ.

ஹலோ. என்னங்க. ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க, அந்தப் பாவி ரொட்டிக்காரன் ஒரு வார்த்தை...

...

என்னங்க, ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு? ஓடிக்கிட்டா இருக்கீங்க?

...எவ்ளோ கெடச்சுது? ...ம். ...டீச்சரும் பொறுக்கறாங்களா? ...சேத்துல விழுந்தது எத்தனை? ...ம். ...உங்க காலு? காலப் பாத்தீங்களா? வெறுங்காலோடயா அங்க வரைக்கும்...

காலையில நீங்க ஆட்டினது...

கயிறா? குப்பையிலேருந்து எடுத்துட்டா ஓடி வந்தீங்க?

...நான் டாட்டான்னு நெனச்சுட்டேங்க.

...

என்ன செய்யணும்? சொல்லுங்க. இல்ல, இழுத்து இழுத்தே பேசுங்க, எவ்ளோ வேணும்னாலும் இழுங்க. நான் குறுக்க பேசல. ...ம். ...ம்.

என்ன தம்பி? மேனேஜரம்மா வர்றாங்களா? வரட்டும், நிக்கச் சொல்லுங்க. நீங்களும் செத்த பேசாம இருங்க. அவரு பேசிட்டிருக்காரு.