அஜித்தாவின் பங்கு

எங்கள் வீட்டில் சாப்பாடு ஒருநாளும் வீணாய்ப் போனதில்லை. வந்ததும் வராததுமாக என் பிரிட்ஜைத் திறந்து பார்த்தீர்கள், சயந்தினி. பழைய சோறோ பூஞ்சணம் பிடித்த கறியோ அதில் இருந்ததா? இல்லை. கவுன்சிலுக்கு எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தை விசாரிக்கக் கவுன்சில் தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பியது நல்லது. சில விஷயங்களை ஆங்கிலத்தில் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் என் மகள் அஜித்தா வாயே திறப்பதில்லை என்றும், "அம்மா சொன்னால்தான் சாப்பிடுவன்" என்று கிடக்கிறாள் என்றும் சொன்னீர்கள். என்னை அங்கே வர விடமாட்டார்களாம், நான் ஒரு வார்த்தை பேசினால் போதும், பதிந்துகொண்டுபோய்ப் போட்டுக் காட்டலாம் என்று போனை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். இப்படியே போனால் பிள்ளையின் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொன்னாராம். பேசுகிறேன், நான் என்ன கல்நெஞ்சுக்காரியா? ஆனால் முதலில் நடந்ததை ஒழுங்காகக் கேளுங்கள்.

அஜித்தா சின்ன வயதில் பள்ளித்தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு ஐஸ் சறுக்கும் அரங்கத்துக்குப் போனாள். மற்றப் பிள்ளைகள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் நடுவுக்குப் போய்ச் சுற்றினாள். அன்றைக்கே அங்கிருந்த கோச் என்னிடம் வந்து, இது எல்லாருக்கும் வராது, விட்டுவிடாதீர்கள் என்றார். நான் விடவில்லை. என் கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் நானும் பிள்ளையும் எங்கள் சட்டன் பகுதியில் ஓடும் முதல் பஸ்ஸில் இருப்போம். அவர் வாசலில் நின்று கையசைப்பார். அது ஒரு நல்ல காலம்.

லண்டன் பிராந்தியப் போட்டி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் எல்லா வயதுப் பிரிவும் நடக்கும். காலையில் பால்பல் விழாத குஞ்சுகள், பிறகு கொஞ்சம் வளர்ந்தவர்கள், பின்னேரம் பெரிய பெண்பிள்ளைகள். தன் பிள்ளை ஆடி முடிந்ததும் தாய்மார் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் மட்டும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு கடைசிவரை இருந்து பார்ப்பேன். அப்படி இருந்தபடியால்தான் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. சின்னப் பிரிவில் பறந்த பிள்ளைகளே அடுத்த பிரிவுக்கு வந்தபோது தரையோடு கிடந்தார்கள். ஒரு வருடம் தங்கம் வென்ற பிள்ளை, மறு வருடம் இடுப்பும் மார்பும் வைத்து வந்து, எழும்ப எழும்ப விழுந்தாள். என் பக்கத்தில் இருந்த அவளுடைய தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வளர்ந்துவிட்டாள்" என்றாள். யாரோ செத்துப்போன மாதிரித்தான் சொன்னாள்.

வளர்ச்சி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் பள்ளியில் ஓட்டக்காரி. பெரியபிள்ளையான அன்று என்னை மூலைக்குள் இருத்தினார்கள், தண்ணீர் வார்த்தார்கள், சேலை கட்டிப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு காற்சட்டையோடு ஓடக்கூடாது என்று அப்பா சொன்னார். எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்ற அந்த நாளில்தான் என் கால் இரண்டும் போயின. என் பிள்ளைக்கு அந்த நாளை வரவிடுவதில்லை என்று நினைத்தேன். ஒரு தாய் அப்படி நினைப்பது பிழையா?

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள், நான் அளவைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். முதலில் சோறு, பிறகு பால், பிறகு முட்டை. கணவர் வீட்டில் இருக்கும்போது தட்டை நிறையவே போடுவேன். அவர் படுக்கப் போனதும் அஜித்தா தட்டை என்னிடம் நீட்டுவாள். சொல்லாமலே நீட்டப் பழகிவிட்டாள். அந்தச் சோற்றைக் குப்பையில் கொட்ட மனம் வருமா? அடுப்படியில் நின்றபடியே நான் சாப்பிட்டுவிடுவேன். என்னைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், நான் முந்தி இப்படிப் பருத்தவள் இல்லை.

பள்ளியில் சாப்பிட்டுவிடுவாள் என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. பள்ளிக்கு விரதம் என்று சொன்னேன். வெள்ளி விரதம், சஷ்டி, கௌரி விரதம், பிறகு எங்கள் குடும்பத்து நேர்த்திக்கடன். இந்த நாட்டில் விரதம் என்று சொன்னால் மரியாதைக்காக யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஒரு டீச்சர் மட்டும் இவ்வளவு விரதமா என்று கேட்டார். எங்கள் சமயத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்றேன். பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

அப்படியும் அந்த நாள் வந்தது. ஒருநாள் பாத்ரூமுக்குள் இருந்து கூப்பிட்டாள். பயந்துபோய் இருப்பாள் என்று நினைத்தேன், அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மச்சாள் பெரியபிள்ளையானபோது ஹரோவில் பெரிய ஹோல், அதுதான் மண்டபம், எடுத்துச் சாமத்திய வீடு செய்திருந்தார்கள்.

"அம்மா, எனக்கும் ஹோல் எடுப்பீங்களா?"

"இதை அப்பாட்டையும் மாமியிட்டையும் சொல்லாதை, பிள்ளை. போட்டி முடியட்டும்."

"முடிஞ்சாப் பிறகு?"

"பாப்பம்."

அடுத்த மாதமும் வந்தது. பிறகு நின்றுவிட்டது. முருகன் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். மனம் அவ்வளவு நிறைவாக இருந்தது.

மாமி என்றது என் கணவரின் தமக்கை கனகவல்லி மச்சாளை. தண்ணீர் வார்க்கும் உரிமை அவருக்குத்தானே, எப்போது எப்போது என்று காத்திருந்தார். வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"என்ன மலர், பெட்டை வத்தலும் தொத்தலுமாய் இருக்கிறாள். இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லையோ?"

"இல்லை மச்சாள். ஸ்கேட்டிங் பிள்ளையளுக்குப் பிந்தித்தான் வருமாம்."

"எண்டாலும் இப்பவே களி கிண்டிக் குடு. இடுப்பெலும்புக்கு அதைப்போல ஒண்டும் இல்லை. எங்கடை இடுப்பெல்லாம் உழுந்திலையும் நல்லெண்ணெயிலையும்தான் நிக்குது."

தானே வறுத்து அரித்த உழுத்தம்மாவை டின்னில் கொண்டுவந்து தந்தார். மச்சாள் சொன்னது உண்மை, அது எனக்கும் தெரியும். எனக்கும் தந்து வளர்த்ததுதானே. ஆனால் களியில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை என்றும் எனக்குத் தெரியும். நான் களி கிண்டினேன். அஜித்தா பக்கத்தில் நின்று வாசம் பிடித்தாள். நான்தான் சாப்பிட்டேன். டின் முடிந்ததும் மச்சாள் சந்தோஷப்பட்டு இன்னொன்று கொண்டுவந்தார்.

அந்த வருடம் அஜித்தா பறந்தாள். அவளுடைய வயதுப் பிள்ளைகள் எல்லாம் விழுந்து எழும்ப, இவள் மட்டும் இறகு மாதிரி இறங்கினாள். பிள்ளைக்கு மாதவிலக்கு மாதாமாதம் வருகிறதா என்று கோச் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒழுங்காக வருகிறது என்றேன். நல்ல மனுஷி, நம்பிவிட்டார்.

மாரிக்குளிர் தொடங்க இடுப்பு நோகுது என்றாள். டொக்டர் பார்த்துவிட்டு, ஓய்வு வேண்டும், ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார். அந்த ஸ்கானுக்குக் கிடைத்த நாள் போட்டிக்கு முந்தின நாள். நான் போன் எடுத்து, பிறகு வருகிறோம் என்று மாற்றினேன். எலும்பு எங்கே ஓடிவிடப்போகிறது என்று நினைத்தேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், என் பிள்ளை அழவேயில்லை. அழுதிருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

போட்டியன்று காலையில் குஞ்சுப் பிள்ளைகள் ஆடி முடித்தார்கள். பின்னேரம் எங்கள் முறை. உடுப்பு மாற்றும் அறையில் அஜித்தா வாங்குப் பலகையில் இருந்து எழும்பவில்லை.

"அம்மா, ஏலாது. உண்மையாய் ஏலாது."

"நாலு நிமிசம்தானே, பிள்ளை. பல்லைக் கடிச்சுக்கொண்டு ஆடிப்போட்டு வா. பிறகு உனக்கு ஹோல் எடுக்கிறன்."

என்னைப் பார்த்தாள். காலை நீட்டினாள். சப்பாத்துக் கயிற்றை நானே இழுத்துக் கட்டினேன். மூன்றாவது பாய்ச்சலில் இறங்கினாள். சத்தம் பெரிதாக இல்லை, காய்ந்த மட்டையை முறித்த மாதிரி. பாட்டு மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

இந்த எலும்பைப் பார்த்தால் வயதுபோன மனுஷியின் எலும்பு மாதிரி இருக்கிறது என்றார் மருத்துவர். என் கணவர் அந்த எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கனகவல்லி மச்சாள், "நான் தந்த மாவெல்லாம் ஆர் தின்றது?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். பிறகு இரண்டு பேருமே என்னோடு பேசவில்லை.

ஓம், நான்தான் செய்தேன். பட்டினி போட்டது நான், ஸ்கானை மாற்றியது நான், பொய் சொன்னதும் நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். நான் ஒளிக்கிற ஆள் இல்லை. ஆனால் அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, பார்த்தீர்களா? நேர்ஸ் ஊட்டினாலும் தகப்பன் கெஞ்சினாலும் வாய் திறக்காத பிள்ளை, அம்மா சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். இந்த ஊரில் எத்தனை தாய்மாருக்கு அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது?

போனை இப்படித் தாருங்கள், பேசுகிறேன். அழாதீர்கள், சயந்தினி, பேசுகிறேன் என்கிறேனே. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் எடுத்து, அவள் திரும்ப எப்போது ஐஸில் இறங்கலாம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தானே, எவ்வளவு சாப்பிடலாம் என்று நான் பிள்ளைக்குச் சொல்ல முடியும்.