வனத்து அந்தோணியார் கடைசியாக வந்த வீடு

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி நிர்மலாதேவி அவர்களே, கால்நடை மருத்துவர் கதிரவன் அவர்களே, தாயைப் பறிகொடுத்து நிற்கும் தம்பி அருள்குமார் அவர்களே, காலைப் பாலை ஊற்றிவிட்டுக் கேனைக்கூட வீட்டில் வைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என் ஊர்ப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவன் மாரப்பனின் வணக்கம்.

நம் சங்கத்தின் செயலாளராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றிய தெரசா அம்மையார் போன மாதம் மாரடைப்பால் நம்மை விட்டுப் போனார். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் தலைவன், அவர் செயலாளர். கையெழுத்துப் போடுவது நான், வேலை பார்ப்பது அவர். இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

காலையில் பால் அளந்த அதே கை, மாலையில் ஏரிக்கரை மேலிருக்கும் வனத்து அந்தோணியார் சிற்றாலயத்தைக் கூட்டி விளக்கேற்றியது. அந்த அந்தோணியார் யார்? எகிப்து தேசத்தில் பணக்கார வீட்டில் பிறந்தவர். இருப்பதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வனாந்தரத்துக்குப் போனவர். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவருக்கும் இண்டூர்ப் பக்கத்து நம் ஊர் எருமைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. நம் ஊரில் நூற்று முப்பது வீடு. அதில் ஞானஸ்நானம் வாங்கிய வீடு பதினொன்றுதான். ஆனால் மாடு கன்று போட்டால் முதல் சீம்பால் யாருக்குப் போகிறது? அந்தோணியாருக்கு. சந்தையில் சுழி பார்த்து மாடு வாங்கும்போது யார் பேரில் சத்தியம் வாங்குகிறோம்? அந்தோணியார் பேரில். என் வீட்டு வண்டிக்காளைக்குப் பேரே அந்தோணிதான். என் மனைவி செல்லி விடிந்ததும் அதைத் திட்டுகிற திட்டைப் பங்குத்தந்தை கேட்டால் எங்களை ஊர்விலக்கு செய்துவிடுவார். பொங்கல் முடிந்து ஜனவரி பதினேழாம் தேதி, கொம்புக்கு வர்ணம் காயாத மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊரே ஏரிக்கரைக்குப் போகிறோம். உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருகிறோம். எந்தச் சட்டம் போட்டு இதைச் செய்ய வைக்க முடியும்? ஒரு துறவி விட்டுப்போன நம்பிக்கை இது. இதைக் கட்டிக் காத்தவர் தெரசா அம்மையார்.

அதை அவர் எப்படிக் காத்தார் என்று சொல்லத்தான் வந்தேன். அதைச் சொன்னால் என் மானம் போகும். போகட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தது நினைவிருக்கும். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கி, காய்ச்சலில் மாடு கண்ணீர் விட்டு நின்றது. அக்கம்பக்கத்து ஊர்களில் கன்றுகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்தோணியார் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஊர்க்கூட்டம் போட்டோம். தெரசா அம்மையார் எழுந்து, "இந்த வருசம் மாடு எதுவும் கோயிலுக்கு வர வேண்டாங்க. ஒண்ணுக்கு வந்தா ஈ மொச்சு ஊருக்கே வந்துடும்" என்றார்.

ஊர் கொதித்தது. நோய் வந்த காலத்தில் சாமியிடம் போகாமல் எப்போது போவது? அதில் அதிகம் கொதித்தவன் நான்தான். ஊர் முன்னால் கேட்டேன்: "எங்க தாத்தன் வண்டி கட்டிக் கல்லு அடிச்ச கோயிலு அது. அதப் பூட்ட நீ யாரு?"

இருபத்தாறு வருடத்தில் அவரை ஒருமையில் பேசியது அந்த ஒருநாள்தான். அவர் கோபப்படவில்லை. "சாமிய பூட்டலீங்க தலைவரே. மாட்டைத்தான் வூட்ல கட்டச் சொல்றேன். காடு காடா நடந்த சாமிதானுங்க. அவரு வூட்டுக்கு வருவாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் ஏன் அப்படிக் கொதித்தேன்? அன்று காலையில்தான் என் செவலை மாட்டின் கழுத்தில் நாலு கட்டியைப் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஆளாக அதை ஓட்டிக்கொண்டு போய் அந்தோணியார் காலடியில் நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதைச் சுற்றி இருநூறு மாடு நிற்குமே என்று என் புத்திக்கு எட்டவில்லை. நம்பிக்கை குருடு இல்லை, நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே அம்மையார் வேலையை ஆரம்பித்தார். ஊசி போட்டால் பால் குறையும் என்று நாமெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டிருந்த நேரம் அது. "ஊசி போட்ட சீட்டக் காட்டுனாத்தான் சாமி வாசலுக்கு வரும்" என்று ஒரே வார்த்தை. அரசாங்கம் மைக் கட்டிச் சொல்லியும் அசையாத ஊர், மறுநாள் மருத்துவர் வருவதற்கு முன்னால் வரிசையில் நின்றது. கதிரவன் ஐயா, அன்றைக்கு உங்களுக்கு மருந்து பற்றாமல் தருமபுரிக்கு ஆள் அனுப்பினீர்களே, மறந்திருக்காது.

பிறகு சின்னச் சப்பரத்தில் அந்தோணியாரை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஒவ்வொரு வாசலிலும் பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து, கை கழுவி, மந்திரித்த உப்பையும் மிளகையும் கொடுத்தார். மருத்துவர் சொன்னபடி அதை வெற்றிலையும் வெல்லமும் சேர்த்து அரைத்து மாட்டுக்கு ஊட்டச் சொன்னார். மூன்று நாள் நடந்தார், சர்க்கரை வியாதிக்காலோடு.

சாமி ஊருக்குள் வந்தால் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்குத்தான். என் தாத்தா காலத்து வழக்கம். அந்த வருடம் முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது, நூற்று முப்பதாவது வீடாக என் வீட்டுக்கு வந்தது. ஊரே பார்த்தது. "தலைவர் கூட்டத்துல பேசுனதுக்குச் செயலாளரம்மா பழி தீத்துக்கிட்டாங்க" என்று ஊரே பேசியது.

உண்மையில் நடந்தது என்ன? சப்பரம் தூக்கியவர்களை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்தார். நேராகக் கொட்டகைக்குப் போனார். செவலைக்குக் கொசுவலை கட்டினார். கட்டி உடைந்த இடத்தைப் பார்த்தார். நான் சுவரோரமாக நின்றேன்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பத்து நாளா உங்க பால் நாலு லிட்டர் கொறையுதுங்க. உங்க கையில மஞ்சளும் வேப்பிலையும் மணக்குது. அதான் போன வாரம் டாக்டர எல்லா வூட்டயும் பாக்கறாப்புல இங்கயும் வரச் சொன்னேன்."

"என்னக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க பொய் சொல்லோணும். தலைவரு பொய் சொல்லக் கூடாதுங்க."

பிறகுதான் சொன்னார். "நல்லா இருக்கற வூட்ட மொதல்ல முடிச்சிட்டு, நோவு இருக்கற வூட்டுக்குக் கடேசியா வரணும். இங்க வந்த காலோட வேற கொட்டாய்க்குப் போவக் கூடாது. மனசுல வெச்சிக்காதீங்க."

மனசுல வெச்சிக்காதீங்க என்று அவர் என்னிடம் சொன்னார். நான் அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

செவலை பிழைத்தது. இரண்டு கன்று போட்டுவிட்டது. நம் ஊரில் நோய் கண்டது நாலே மாடு. செத்தது ஒரு கன்று. இந்த ஊரின் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றால், அந்த மூன்று நாள் நடைக்கு அதில் பங்கு உண்டா இல்லையா? உண்டு. அதற்குத்தான் நன்றி சொல்ல நிற்கிறேன். அந்தோணியாருக்கும் நன்றி. அவரைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்த அந்த அம்மாவுக்கும் நன்றி.

ஆனால் என் நன்றி மூன்று வருடம் பிந்திவிட்டது. என் மாட்டுக்கு நோய் என்று மருத்துவரைத் தவிர அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் பேர் கெடும் என்று வாயை மூடிக்கொண்டார். பழிவாங்கிவிட்டார் என்று ஊர் அவரைப் பேசியது. என் முன்னாலேயே பேசினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. பெருந்தன்மைக்காரனைப் போல, "விடுங்கப்பா, பொம்பள, ஏதோ கோவத்துல" என்று சொன்னேன். அடுத்த வருடத் திருவிழா நோட்டீசில் அவர் பேரைப் போட வேண்டாம் என்று சிலர் சொன்னபோதும் சும்மா இருந்தேன். பேர் இல்லாத அந்த நோட்டீசைச் சிற்றாலயச் சுவரில் பசை தடவி ஒட்டியவரும் அவர்தான். மறுநாள் காலையில் என் எதிரே உட்கார்ந்து, "தலைவரே, கையெழுத்து" என்று புத்தகத்தை நீட்டினார். நல்ல நாள் பார்த்து ஊரறியச் சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

தம்பி அருள்குமார், உங்கள் அம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன். சிற்றாலயத்தின் சாவி இனி உங்களிடம் இருக்கட்டும். வரும் ஜனவரியில் சப்பரத்தின் முன்தண்டு என் தோளில். அம்மா வகுத்த ஒழுங்குப்படியே போவோம். ஊசி போட்ட சீட்டு இருந்தால்தான் சாமி வரும். நோய் இல்லாத வீடு முதலில், நோய் கண்ட வீடு கடைசியில். முதல் மரியாதை என்று எங்கள் குடும்பத்துக்கு இருந்த வழக்கத்தை இந்த மேடையிலேயே விட்டுக்கொடுக்கிறேன். சங்கமும் கோயிலும் அவர் நடத்தியபடி நடக்கும் என்று இந்தக் கூட்டத்தின் முன் உறுதி சொல்கிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கொஞ்ச நேரத்தில் கலைந்து போவீர்கள். தெரசா அம்மா மனதில் வன்மம் வைத்திருந்தார் என்று யாரிடமெல்லாம் சொன்னீர்களோ, அவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள். கட்டிக்கொடுத்த மகளிடம் சொல்லியிருந்தால் அவளுக்குப் போன் போடுங்கள். அது பொய், மாரப்பனே மைக்கில் ஒத்துக்கொண்டான் என்று சொல்லுங்கள். பிறகு போய் மாட்டுக்குத் தண்ணி காட்டுங்கள்.