ஒன்பது கோடுகளைக் கண்ட ஞானசம்பந்தனாருக்கு

தாமிரபரணிக் கரையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து, இன்று விடைபெறும் பேரன்புக்குரிய பேராசிரியர் ஞானசம்பந்தனார் அவர்களே!

செம்புச் சேர்மத்தினுள் இணையின்றித் தனித்து நிற்கும் ஓர் எலக்ட்ரான் எங்கெங்கு உலவுகிறது என்பதை, காந்தப்புலத்தில் நிறுத்தி, நுண்ணலையால் வினவி அறிந்த நுண்ணறிவாளரே! அதற்கான கருவி சென்னையில் இருந்தது, தாங்களோ நெல்லையில். சேர்மம் அடைத்த கண்ணாடிக் குழாயை மடியில் வைத்து இரவெல்லாம் ரயிலில் சென்று, வரைபடச் சுருளோடு தாங்கள் திரும்பும் போதெல்லாம் துறையே பூரித்தது, ஒருவரைத் தவிர.

அவர் அன்றைய துறைத்தலைவர் சிவசங்கரனார். தங்கள் பெரியப்பா மகன். அவருக்கு வந்திருந்தது பங்காளிக் காய்ச்சல்.

1991இல் அந்தச் சுருள் துறை மேசைமேல் விரிந்தது. செம்பு தரும் கோடு ஒன்று சீப்புப் பற்களைப் போலப் பிரிந்து கிடந்தது. பற்கள் ஏழென்றால் எலக்ட்ரான் மூன்று நைட்ரஜன்களின்மேல் பரவியிருக்கிறது, ஒன்பதென்றால் நான்கின்மேல். சிவசங்கரனார் எண்ணினார்.

“ஏழுதாம்லே. ஓரத்துல கெடக்கது கருவி இரைச்சல், கோடில்ல.”

“ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணுபோல நிக்கே அண்ணாச்சி! இரைச்சலுக்கு ஏது இம்புட்டு ஒழுங்கு?”

“எனக்கே எண்ணச் சொல்லிக் குடுக்கியாலே?”

“கண்ணாடியத் தொடச்சிட்டுப் பைய பாருங்க. உங்களுக்குப் பயந்து இரைச்சலும் வரிசையில நிக்கோ என்னமோ!”

அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின் தனியே எண்ணினார். ஒன்பது. கட்டுரையில் அதைத் தாம் கண்டதாகவே எழுதினார். தம்பியிடம் மூத்தவர் தோற்றார் என்று ஊர் பேசினால் குடும்ப மானம் என்னாவது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். தாங்கள் வாய் திறக்கவில்லை. மாலைகள் அவர் கழுத்தில் விழுந்தன.

இம்மடலின் முதல் வரைவிலும், ‘அண்ணன் கண்டதைத் தம்பி தொடர்ந்தார்’ என்றே எழுதியிருந்தோம். ஓய்விலிருக்கும் அவரிடம் காட்டினோம். அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததையெல்லாம் தாமே சொல்லி, அதை அப்படியே எழுதச் சொன்னார்.

“இதச் சட்டம் போட்டு அவன் வீட்டுல மாட்டுவான். அதுவும் எங்க தாத்தா கட்டுன சுவருதான். அதுல பொய் தொங்கப்பிடாது.”

“அப்போ பொறாமை தீர்ந்துட்டா அண்ணாச்சி?”

“அதெப்படிவே தீரும்? அவனுக்கு இன்னும் கண்ணு நல்லாத் தெரியுதே!”

ஆகவே இந்த அவை அறியச் சொல்கிறோம்: அந்த ஒன்பதைக் கண்டவர் தாங்கள், தாங்கள் மட்டுமே!

நோயற்ற உடலும் நிறைந்த ஆயுளும் பெற்று, பெரியவர்களைத் தயங்காமல் திருத்தும் அந்த நாவோடு பல்லாண்டு வாழ்க!

தங்கள்
வேதியியல் துறையினர்
திருநெல்வேலி, 1997