பொண்ணோட அம்மா

...விருந்தாளிய கவனிக்கிறதுல நம்மள அடிச்சுக்க ஆளில்லைன்னு இப்ப இந்த மேடையில தலைவர் சொன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நான் தட்டல. ஏன்னு கேட்டீங்கன்னா, எனக்கு ஒருத்தவங்க ஞாபகம் வந்துட்டாங்க. அவங்க கதைய கொஞ்சம் கேளுங்க. சின்னதுதான்.

தரங்கம்பாடியில ஒரு கல்யாணம். பொண்ணு பேரு நிவேதிதா. வெளியூர்லேருந்து வர்றவங்களுக்கு கடலோரமா ஒரு லாட்ஜ். ஜன்னலத் திறந்தா அலை. ஊரச் சுத்திக் காட்ட வேன் வேற. யாரு குறை சொல்ல முடியும்?

அந்த லாட்ஜுல, மாடியில கடைசி ரூம்ல ஒரு அம்மா. பேரு வனஜா. ஓசூர்ல ஒரு ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட். தனியா வந்திருக்காங்க. யாரு தெரியுமா அவங்க?

கல்யாணப் பொண்ணப் பெத்தவங்க!

ஆமாங்க... பெத்த அம்மா. பொண்ணு சின்னதா இருக்கும்போதே புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சுட்டாங்க. யார் மேல தப்புன்னு நான் இங்க பேச வரல. பொண்ணு அப்பா வீட்டோட வளந்துச்சு. அந்த அப்பா வாய் திறக்கிற ஆளில்ல. அவரு அண்ணன், பொண்ணோட பெரியப்பா வச்சதுதான் சட்டம். பொண்ணு அழுது அடம் பிடிச்சதால அம்மாவக் கூப்பிட சம்மதிச்சாரு.

அந்தப் பெரியப்பாவே லாட்ஜுக்கு வந்தாரு. ரூமுக்குள்ள வரல. வாசல்லயே நின்னுக்கிட்டு, "வாம்மா வனஜா. ஏசி வேலை செய்யுதா? வெந்நீர் வருதா? இன்னிக்கு வீட்ல நலங்கு, அது இதுன்னு ஒரே கூட்டம். நீ அங்க வந்து அலைய வேணாம். வேன் சொல்லியிருக்கேன். கோட்டை, கோயில் எல்லாம் ஆற அமரப் பாரு. நாளைக்கு முகூர்த்தத்துக்கு வந்தாப் போதும்."

எவ்வளவு மரியாதை பாத்தீங்களா? எவ்வளவு அக்கறை!

வனஜா வேன்ல ஏறினாங்க. வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, பொள்ளாச்சிக்காரங்க. பக்கத்து சீட்ல மாப்பிள்ளையோட அத்தை அம்சவேணி. கலகலன்னு பேசுற மனுஷி.

"ஏனுங்க்கா, நீங்க பொண்ணு ஊட்டுப் பக்கமுங்களா, எங்க பக்கமுங்களா?"

வனஜா என்ன சொல்வாங்க? என்ன சொல்ல முடியும்?

"தெரிஞ்சவங்க..."

"அப்படீங்களா? பொண்ணு தங்கமுங்க. என்ன, அம்மா இல்லாம வளந்துருச்சு. பாவம்."

வனஜா மெதுவா கேட்டாங்க. "அம்மா...?"

"போய்ச் சேந்துட்டாங்களாமுங்க்கா. புள்ள சின்னதா இருக்கறப்பவே."

நல்லா கேட்டுக்குங்க. சுத்திப் பாக்கப் போன வேன்ல, ஒரு பொம்பளைக்கு அவங்களோட சாவுச் செய்தி வருது!

வனஜா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அந்தப் பொண்ணே சொல்லுச்சா?"

"இல்லீங்க, பெரியப்பாதான் சொன்னாருங்க. பொண்ணுகிட்டக் கேட்டேன்... பதிலே பேசல. கண்ணு மட்டும் கலங்கிப் போச்சு."

கடலோரக் கோயில்ல இறங்கினாங்க. அந்தக் கோயில்ல ஒரு பாகத்த கடல் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. எல்லாரும் கூட்டமா நின்னு போட்டோ எடுக்கிறாங்க. "அக்கா, நீங்களும் வந்து நில்லுங்க"ன்னு அம்சவேணி கூப்பிட, "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க"ன்னு வனஜா ஃபோன வாங்கிக்கிட்டாங்க. கோட்டையிலயும் அப்படித்தான். அன்னிக்கு எடுத்த ஒரு படத்துலயும் அவங்க இல்ல.

மறுநாள் மண்டபம். மேடையில பொண்ணத் தாரை வார்க்கிறது பெரியப்பாவும் பெரியம்மாவும். வனஜா கடைசி வரிசையில, தூண் பக்கத்துல. கெட்டிமேளம்... எல்லாரும் எந்திரிக்கிறாங்க. வனஜாவும் எந்திரிச்சு அட்சதையப் போட்டாங்க. அது எங்க போய் விழும்? முன்னால நின்னவர் சட்டையில விழுந்துச்சு.

மேடையில பொண்ணு தலையத் தூக்கி கூட்டத்துல யாரையோ தேடுது. அம்சவேணி அதக் கவனிச்சாங்க. யாரத் தேடுதுன்னு திரும்பிப் பாத்தாங்க. தூண் பக்கத்துல, சேலைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க வனஜா. இந்த முகத்தப் பாத்தாங்க... அந்த முகத்தப் பாத்தாங்க...

ஒரு கேள்வி கேக்கலைங்க அந்த மனுஷி! அட்சதைத் தட்டோட நேரா கடைசி வரிசைக்கு வந்தாங்க. "வாங்கக்கா, இங்கிருந்து போட்டா புள்ள தலையில விழுகாது." கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

வனஜா பொண்ணு தலையில அட்சதை போட்டாங்க. பொண்ணு அந்தக் கையப் புடிச்சுக்கிச்சு. விடல.

பெரியப்பா குரல் வருது: "சரி சரி... அடுத்தவங்க வரட்டும்."

பொண்ணு அப்பாவப் பாத்துச்சு. அப்பா தரையப் பாத்தாரு. வனஜாதான் மெதுவா கைய விடுவிச்சுக்கிட்டு இறங்கினாங்க. பந்தியில உக்காரல. ரூமக் காலி பண்ணிட்டு மாயவரம் பஸ் ஏறிட்டாங்க.

இத எனக்குச் சொன்னது அம்சவேணி அம்மாதான். இப்பவும் ரெண்டு பேரும் ஃபோன்ல பேசிக்கிறாங்க. "உங்க புள்ள எங்க ஊட்டுலதான இருக்குது, வந்து பாருங்கக்கா"ன்னு கூப்பிட்டுட்டே இருக்காங்க. வனஜா இன்னும் போகல. எப்படிப் போவாங்க? செத்துப் போனவங்க எந்த உறவச் சொல்லிக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவாங்க?

சொந்தபந்தங்களே... நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கும் இப்படி ஒருத்தர் வருவாங்க. பிரிஞ்சு போன அம்மாவா இருக்கலாம், பேச்சு விட்டுப் போன அண்ணனா இருக்கலாம், ஊருக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கிட்ட தங்கச்சியா இருக்கலாம். நாம என்ன பண்றோம்? மெத்தை போட்டுக் குடுக்கிறோம், வண்டி குடுக்கிறோம், இலை நிறைய பரிமாறுறோம். உறவ மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சுடுறோம். இது விருந்தோம்பலா? மரியாதையா ஒருத்தர வெளிய நிறுத்துறது எப்படின்னு நாம கத்து வச்சிருக்கோம், அவ்வளவுதான்!

அந்த அம்மா கடல் பாத்த ரூம் கேக்கலைங்க. கோட்டையச் சுத்திக் காட்டச் சொல்லல. அத்தனை பேர் கூடியிருந்த சபையில யாராவது ஒருத்தர் மைக்கப் புடிச்சு, "இவங்கதான் பொண்ணோட அம்மா"ன்னு சொல்லியிருந்தா...

மூணே வார்த்தைங்க. சொல்ல ஒரு வாய் இல்ல.