கோர்டெலியா பெல் சாய்ந்து நின்ற ஞாயிறு

என் பெயர் ஹானோரா டெவ்லின். வயது முப்பத்தொன்று இருக்கும். பிறந்தது அயர்லாந்து. செயின்ட் லூயிஸ் நகரில் படகுத்துறைக்குப் பின்னால் கயிற்றுக்கடை மாடியில் குடியிருக்கிறேன். 'கோர்டெலியா பெல்' என்ற நீராவிப் படகில் துணி வெளுத்து வந்தேன். அதே படகில் என்ஜினீயராக இருந்து இறந்துபோன கார்னேலியஸ் டெவ்லின் என் கணவர். அவர் குடித்திருந்ததால்தான் பாய்லர் வெடித்தது என்று கேப்டன் டட்டில் இந்த விசாரணையில் சொன்னதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து சொல்வது:

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் விறகு ஏற்றுவதற்காகப் படகை மிசிசிப்பியின் மேற்குக் கரையில் கட்டினார்கள். அங்கே ஒரு பிரசங்கியார் ஆட்களை ஆற்றில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். பயணிகள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கரைப் பக்கம் கூடிவிட்டார்கள். யார் இருமிக்கொண்டு எழுவார்கள் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள். படகு கரைப் பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் படகில் பாய்லர்கள் வரிசையாக, ஒன்றோடு ஒன்று குழாயால் சேர்ந்தவை. படகு சாய்ந்தால் தண்ணீர் பள்ளத்துப் பாய்லருக்கு ஓடிவிடும், மேட்டுப் பாய்லர் வறண்டு தீயில் காயும். இது ஆற்றில் பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும், கேப்டனுக்கும் தெரியும். அதற்காகவே தளத்தில் சங்கிலி நிரப்பிய வண்டி ஒன்று உண்டு. சாய்ந்த உடனே அதை எதிர்ப் பக்கம் தள்ளிப் படகை நிமிர்த்துவார்கள். அன்று வண்டி தள்ளுகிறவர்களும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு என் கணவர் மேலே வந்து, பாதிப் பேரையாவது ஆற்றுப் பக்கம் அனுப்பும்படி கேப்டனிடம் கேட்டார். நான் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து ஏறியவர்கள் கொஞ்சம் சிரிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். இவர் கீழே போனார்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் கழித்து ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மேட்டுப் பாய்லர் தீயில் சிவக்கப் பழுத்துவிட்டது, தீயை வாரி வெளியே கொட்டச் சொல்லியிருக்கிறேன், அது ஆறும்வரை படகு நிமிரக் கூடாது, நிமிர்ந்து தண்ணீர் திரும்பி ஓடிவந்து அந்த இரும்பில் பட்டால் ஒரேயடியாக ஆவியாகி வெடிக்கும், தீர்ந்தோம் என்று கேப்டனிடம் சொன்னார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பயணிகள் பக்கம் திரும்பி, "யாரும் அசையாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நின்ன எடத்துலயே நில்லுங்க" என்றார்.

தள மேஸ்திரி ப்ளெட்சோ, "அப்பத் தள்ளிப் போங்கன்னே, இப்ப நகராதீங்கன்னு சொல்றே. எத்தனை கிளாஸ் உள்ள போச்சு, டெவ்லின்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் குடித்திருந்தார் என்ற பேச்சு இங்கேதான் பிறந்தது. என் கணவர் கழுத்தில் கிடந்த பதக்கம், ஊரில் எங்கள் பாதிரியார் முன் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து வாங்கியது. கல்யாணத்தன்று எங்கள் அப்பா நீட்டிய கிளாஸைக்கூட அவர் தொடவில்லை.

அதன் பிறகு கேப்டன் சிரித்துக்கொண்டே, "என்ஜினீயர் முதல்ல கேட்டதைக் குடுத்துருவோம். எல்லாரும் அந்தப் பக்கம் போங்கப்பா" என்றார். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். இவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். ஒரு ஆள் போகிறபோக்கில் இவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். காலடியில் தளம் மெதுவாக நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது. கொடியில் தொங்கிய சட்டைகள் நேராயின.

சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் தண்ணீரில் கிடந்தேன். ஞானஸ்நானம் வாங்கிய ஒரு பெண், நனைந்த வெள்ளை உடுப்போடு, என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். மரங்களில் துணி தொங்கியது. துணி என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதன் பிறகு என் கணவரை ஒரு கதவுப் பலகைமேல் கிடத்தியிருக்கக் கண்டேன். கையைப் பிடித்தேன், தோல் என் கையோடு வந்துவிட்டது. அவர் வாயருகே குனிந்தேன். சாராய வாடை இல்லை. வெந்த வாடைதான் இருந்தது. அவருக்குக் கண் தெரியவில்லை, என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். "நோரா, எல்லாரும் நின்னாங்களா?" என்று கேட்டார்.

"நின்னாங்க. நீங்க சொன்னபடியே நின்னாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது அத்தனையும் நிஜம். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது மட்டும் பொய்.

ஹானோரா டெவ்லின், அவர் இட்ட குறி: X